ஏது ஒன்று, முடிவு இரண்டு

நுழையும்முன்

பட்டிமன்றத்திலும் நீதிமன்றத்திலும் செய்தித்தாளின் தலையங்கத்திலும் நாள்தோறும் வாதங்கள் எழுகின்றன. சொல்லப்படும் காரணம், சொல்லப்படும் முடிவைத் தாங்குகிறதா என்று நிறுத்துப் பார்க்கும் பயிற்சியை இன்றைய நுழைவுத்தேர்வுகள் தனிப் பகுதியாகவே வைத்துள்ளன. அப்பகுதியில் மாணவர்களை மிகுதியும் தடுமாறச் செய்யும் வினாவகை ஒன்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தளர்த்தும் வினா

சட்டக் கல்விக்கும் மேலாண்மைக் கல்விக்கும் நடத்தப்பெறும் நுழைவுத்தேர்வுகளில் தருக்கத்திறனைச் சோதிக்கும் பகுதி உண்டு. ஒரு சிறு பத்தியில் வாதம் ஒன்று தரப்படும். அதன் கீழே, ‘பின்வருவனவற்றுள் எது உண்மையானால் மேற்கண்ட வாதம் மிகுதியும் தளரும்?’ என்னும் வினா அமையும். நான்கு அல்லது ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும். பத்தி எளிய மொழியில் இருக்கும், விடைகளும் புரியும். ஆயினும் படித்து முடித்ததும் இரண்டு விடைகள் சரிபோலத் தோன்றும். அந்த மயக்கத்தை உண்டாக்குவதே வினா அமைப்பவரின் திறம்.

எடுத்துக்காட்டாகப் பின்வரும் வாதத்தைக் கருதலாம்:

‘ஒரு பேரூரின் நாற்சந்தியில் சென்ற ஆண்டின் தொடக்கத்தில் வேகத்தடைகள் அமைக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டில் அங்கு 14 விபத்துகள் நிகழ்ந்தன. வேகத்தடை அமைந்த ஆண்டில் 5 விபத்துகளே நிகழ்ந்தன. ஆகவே, விபத்துகள் குறைந்தமைக்கு வேகத்தடைகளே காரணம்.’

இவ்வாதத்தை மிகுதியும் தளர்த்துவது எது?

(அ) அண்டை ஊர்களில் உள்ள வேகத்தடைகள் விதிப்படியான உயரத்தில் இல்லை.
(ஆ) வேகத்தடைகள் அமைந்த மறுமாதமே புறவழிச்சாலை திறக்கப்பட்டு, சரக்குந்துகளும் வெளியூர்ப் பேருந்துகளும் அவ்வழியே செல்லத் தொடங்கின.
(இ) வேகத்தடைகளால் நோயாளர் ஊர்திகள் மருத்துவமனையை அடையக் கூடுதல் நேரம் ஆகிறது.
(ஈ) வேகத்தடைகள் அமைந்தபின் நிகழ்ந்த 5 விபத்துகளுள் 3 விபத்துகள் வேகத்தடையைக் கண்டும் விரைவைக் குறைக்காதவர்களால் நிகழ்ந்தவை.

முதல் விடையை ஒதுக்குவதில் இடர்ப்பாடு இல்லை. வாதம் பேசுவது ஒரு நாற்சந்தியைப் பற்றி. அண்டை ஊரின் நிலை அதனைத் தொடவில்லை. மூன்றாம் விடையில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர். நோயாளர் ஊர்தி தாமதமாவது உயிர்ப்பிரச்சினை. நெஞ்சைத் தொடும் செய்தி. வேகத்தடைக்கு எதிராக ஒன்று சொல்லப்பட்டுவிட்டதால் வாதமும் தளர்ந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. ஆனால், வேகத்தடை நல்லதா தீயதா என்று அவ்வாதம் கூறவே இல்லை. விபத்து குறைந்தமைக்குக் காரணம் எது என்று மட்டுமே கூறியது. வேகத்தடையால் ஆயிரம் இடையூறுகள் இருப்பினும், விபத்தைக் குறைத்தது அதுவே என்பது உண்மையாக இருக்கலாம். நான்காம் விடையும் இத்தகையதே. வேகத்தடை விபத்தை அறவே ஒழித்தது என்று வாதம் சொல்லியிருந்தால் அவ்விடை அதனைத் தாக்கும். குறைத்தது என்றே சொல்லியதால் தாக்கவில்லை.

எஞ்சியது இரண்டாம் விடை. அது வேகத்தடையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. விபத்து குறைந்ததையும் மறுக்கவில்லை. அக்குறைவு வேறொரு காரணத்தாலும் நேர்ந்திருக்கலாம் என்று காட்டுகிறது. அதனால் வாதம் தளர்கிறது. வாதம் முற்றிலும் வீழ்ந்துவிட்டதா எனில், இல்லை. புறவழிச்சாலையும் வேகத்தடையும் சேர்ந்தே பயன் தந்திருக்கலாம். வினா கேட்டது தளர்த்தலைத்தான், தகர்த்தலை அன்று. தளர்த்தும் கூற்று, முடிவைப் பொய்யென மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அதனை ஏற்பதற்கு முன்பிருந்த துணிவைக் குறைத்தாலே போதும்.

இதே வாதத்தைத் தளர்த்தும் வேறொரு கூற்றும் உண்டு. அது சற்று நுட்பமானது. ‘அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்நாற்சந்தியில் ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு விபத்துகளே நிகழ்ந்துவந்தன’ என்று ஒருவர் சொன்னால் என்னாகும்? 14 விபத்துகள் நிகழ்ந்த ஆண்டு வழக்கத்திற்கு மாறான ஆண்டு என்பது புலனாகும். அந்த அச்சத்தால்தான் வேகத்தடையே அமைக்கப்பட்டிருக்கும். எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் எண்ணிக்கை பழைய அளவிற்குத் திரும்பியிருக்கக்கூடும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது உண்ட மருந்திற்குக் காய்ச்சல் தணிந்த பெருமை போய்ச் சேர்வதும் இவ்வாறுதான்.

மறைந்து நிற்கும் எடுகோள்

எந்த வாதத்திலும் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள் இரண்டு. ஒன்று காரணமாகச் சொல்லப்படும் ஏது. மற்றொன்று அதிலிருந்து பெறப்படும் முடிவு. இவ்விரண்டிற்கும் நடுவே வாயால் சொல்லப்படாத மூன்றாம் உறுப்பு ஒன்று நிற்கிறது. அதுவே எடுகோள். நாற்சந்தி வாதத்தில் ‘அவ்வாண்டில் வேறு மாற்றம் எதுவும் நிகழவில்லை’ என்பது எடுகோள். சொன்னவர் அதனைச் சொல்லவில்லை; ஒருவேளை நினைத்தும் பார்த்திருக்கமாட்டார். ஆனால் அது இல்லையேல் ஏதுவிலிருந்து முடிவிற்குச் செல்ல வழியில்லை.

தளர்த்தும் வினாவில் சரியான விடை பெரும்பாலும் இந்த எடுகோளையே தாக்கும். ஏதுவைத் தாக்காது. ‘14 விபத்துகள் என்பது பொய்க்கணக்கு’ என்பது போன்ற விடை தேர்வுகளில் அரிதாகவே சரியாகும். ஏனெனில், தரப்பட்ட செய்திகளை மெய்யென ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அத்தேர்வுகளின் பொதுவிதி. அதுபோலவே விடையாகத் தரப்பட்ட கூற்றையும் மெய்யென ஏற்க வேண்டும். ‘இப்படி நடக்குமா?’ என்று ஐயுறுவது தேர்வரின் வேலையன்று. நடந்திருந்தால் வாதம் என்னாகும் என்பதே வினா.

தெரிந்து தெளிவோம்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொதுச் சட்டச் சேர்க்கைத் தேர்வு (கிளாட்) 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2020 முதல் இத்தேர்வு பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாறியது. தருக்கத்திறன் அதன் ஐந்து பகுதிகளுள் ஒன்று. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் இத்தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுகிறது. அமெரிக்கச் சட்டப்பள்ளிகளுக்கான எல்சாட் தேர்வு 1948 முதல் நடத்தப்படுகிறது.

அறவண அடிகளின் அளவை

வாதத்தின் குற்றங்களை வகுத்துரைக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29ஆவது காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையியலைக் கற்பிக்கிறார். துணிந்து சொல்லப்படுவது பக்கம். அதற்கான காரணம் ஏது. இரண்டிற்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது எடுத்துக்காட்டு. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை தோன்றுவதால் என்பது ஏது. அடுக்களையில் கண்டாற்போல என்பது எடுத்துக்காட்டு.

இம்மூன்றும் பழுதுபடும் வழிகளைப் ‘போலி’ என்னும் பெயரால் அக்காதை குறிக்கிறது. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப்போலி பத்து என அவை விரிகின்றன. ஏதுப்போலிகள் அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்னும் மூன்று தொகுதிகளாக அமைகின்றன. ஏது உண்டா என்பதே உறுதிப்படாத நிலை அசித்தம். தொலைவில் தெரிவது பனியோ ஆவியோ என்னும் ஐயம் தீராமல், அதனைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவது இத்தகைய குற்றம். ஏது உண்டு; ஆனால் அது முடிவிற்கும் பொருந்தும், முடிவின் மறுதலைக்கும் பொருந்தும் என்னும் நிலை அநைகாந்திகம். ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால் என்று ஒருவர் வாதிட்டால், அழியாதனவும் அறியப்படுகின்றனவே என்று மறுக்கலாம். அறியப்படுதல் என்னும் ஏது இரு பக்கமும் சாய்கிறது. சொன்ன முடிவிற்கு நேர் எதிரானதையே ஏது மெய்ப்பித்துவிடுவது விருத்தம்.

இன்றைய நுழைவுத்தேர்வின் தளர்த்தும் வினாவை இவ்வளவையால் அளந்தால் அதன் இயல்பு விளங்கும். தரப்பட்ட செய்தி மெய்யென்பது தேர்வின் விதியாதலின் அசித்தத்திற்கு அங்கு இடமில்லை. முடிவைத் தலைகீழாக்கும் விருத்தமும் அருகியே வரும். தேர்வர் தேட வேண்டியது பெரும்பாலும் அநைகாந்திகத்தைத்தான். விபத்து குறைந்தது என்னும் ஏது, வேகத்தடைக்கும் பொருந்துகிறது, புறவழிச்சாலைக்கும் பொருந்துகிறது. அவ்வாறு இரு பக்கமும் சாயும்படி ஏதுவை ஆக்கிக்காட்டும் கூற்றே சரியான விடை.

பெர்க்கிலியின் கணக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் 1973ஆம் ஆண்டு இலையுதிர்காலப் பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கு ஆண்கள் 8,442 பேரும் பெண்கள் 4,321 பேரும் விண்ணப்பித்தனர். ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர்க்கு இடம் கிடைத்தது. பெண்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர்க்கே கிடைத்தது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒன்பது விழுக்காட்டு இடைவெளி தற்செயலாக நேர இயலாது. ஆகவே, சேர்க்கைக் குழுக்கள் பெண்களை ஓரவஞ்சனையோடு நடத்தின என்னும் முடிவு இயல்பாகவே எழுந்தது.

பிக்கெல், ஹேமெல், ஓ'கானெல் என்னும் மூவர் அக்கணக்கை ஆராய்ந்து 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டனர். அங்கே சேர்க்கையை முடிவு செய்வது பல்கலைக்கழகம் அன்று. ஒவ்வொரு துறையும் தானே முடிவு செய்கிறது. எனவே அவர்கள் துறைவாரியாகப் பார்த்தனர். பெண்களுக்கு எதிரான பெரிய ஓரவஞ்சனை துறைகளில் புலப்படவில்லை. பெரிய துறைகள் ஆறனுள் ஒன்றில், விண்ணப்பித்த ஆண்கள் 825 பேரில் 62 விழுக்காட்டினரும் பெண்கள் 108 பேரில் 82 விழுக்காட்டினரும் இடம் பெற்றிருந்தனர். மற்றொரு துறையில் ஆண்களில் 6 விழுக்காட்டினரும் பெண்களில் 7 விழுக்காட்டினருமே தேறினர். இரு துறைகளில் மட்டும் ஆண்களின் விழுக்காடு சற்றே மிகுந்திருந்தது.

துறைதோறும் இந்நிலையாயின், மொத்தக் கணக்கில் பெண்கள் எவ்வாறு பின்தங்கினர்? விடை விண்ணப்பங்களில் இருந்தது. எளிதில் இடம் கிடைக்கும் இரு துறைகளுக்கு அந்த ஆறு துறைகளின் ஆண் விண்ணப்பதாரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். பெண்கள் 1,835 பேரில் 133 பேரே அவற்றை நாடினர். ஏனையோர் இடம் அரிதாகக் கிடைக்கும் துறைகளில் குவிந்தனர். மொத்த விழுக்காடு இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டது. எடுகோள் எது என்று இப்போது சொல்லிவிடலாம்: ஆண்களும் பெண்களும் ஒரே வகையான துறைகளுக்கு விண்ணப்பித்தனர் என்பதே அது.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். வாதம் தளர்ந்ததால், பெண்களுக்கு அநீதியே நிகழவில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டதாகாது. தளர்ந்தது, சேர்க்கைக் குழுக்களே காரணம் என்னும் வாதம் மட்டுமே. பெண்கள் நெருக்கடி மிகுந்த துறைகளுக்குள்ளேயே செலுத்தப்படுவதற்குப் பள்ளிப் பருவம் முதலான வளர்ப்பும் கல்வியும் காரணமாகலாம் என்பதை அக்கட்டுரையாளர்களே சுட்டினர். குற்றமுள்ள வாதத்தின் முடிவு சில வேளைகளில் மெய்யாகவும் இருக்கும். அம்முடிவைப் பெற அந்த ஏது உதவாது, அவ்வளவுதான்.

ஏழு கோடியே முப்பது இலட்சத்தில் ஒன்று

தேர்வுத்தாளில் தவறிய விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். நீதிமன்றத்தில் அவ்வாறு முடிவதில்லை. இங்கிலாந்தில் சட்டப்பணி செய்துவந்த ஒரு தாயின் முதற்குழந்தை 1996இலும் இரண்டாம் குழந்தை 1998இலும் பிறந்த சில வாரங்களில் இறந்தன. இரு குழந்தைகளையும் அவரே கொன்றார் என்று வழக்குத் தொடரப்பட்டது. புகைப்பழக்கமும் வறுமையும் இல்லாத அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் அறியப்படாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றும், இரு குழந்தைகள் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு அதனை அதனாலேயே பெருக்கக் கிடைக்கும் ஏழு கோடியே முப்பது இலட்சத்தில் ஒன்று என்றும் மருத்துவ வல்லுநர் ஒருவர் சான்றுரைத்தார். 1999 நவம்பரில் நடுவர் குழு பெரும்பான்மை முடிவால் அவரைக் குற்றவாளி எனக் கண்டது. வாழ்நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவ்வெண்ணைக் கேட்டவர் எவரும் திகைப்பர். அத்திகைப்பை விலக்கி வைத்து வாதத்தை மட்டும் பார்க்க வேண்டும். 8,543ஐ 8,543ஆல் பெருக்கியது எந்த எடுகோளின் மேல்? முதல் இறப்பிற்கும் இரண்டாம் இறப்பிற்கும் தொடர்பே இல்லை என்னும் எடுகோளின் மேல். பகடையை இருமுறை உருட்டினால் முதல் உருட்டல் இரண்டாவதைத் தொடாது, அங்கே பெருக்கலாம். உடன்பிறந்த குழந்தைகள் பகடைகள் அல்லர். ஒரே பெற்றோரின் மரபுக்கூறுகளைப் பெற்றவர்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். முதற்குழந்தையின் இறப்பிற்கு மரபுவழிக் குறைபாடு ஏதேனும் காரணமாக இருந்திருந்தால், அதே குறைபாடு இரண்டாம் குழந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. அப்போது இரண்டாம் இறப்பின் வாய்ப்பு 8,543இல் ஒன்றாக இராது, பலமடங்கு உயரும். 2001 அக்டோபரில் அரசப் புள்ளியியல் கழகம் இப்பெருக்கலுக்கு அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விடுத்தது.

பெருக்கல் சரியென்றே வைத்துக்கொண்டாலும் வாதத்தில் மற்றொரு விரிசல் உண்டு. இரு குழந்தைகள் இயற்கையாக இறப்பது அரிது என்பது ஏது. ஆகவே தாய் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பும் அதே அளவிற்கு அரிது என்பது கேட்டோர் மனத்தில் விளைந்த முடிவு. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொல்வதும் மிக மிக அரிதே. நிகழ்ந்துவிட்ட ஒன்றிற்கு அரிய விளக்கங்கள் இரண்டு இருக்கும்போது, ஒன்றன் அருமையை மட்டும் எண்ணிக் கூறி மற்றொன்றைத் துணிதல் ஆகாது. இரண்டில் எது கூடுதலாக அரிது என்று ஒப்பிட வேண்டும். பரிசுச்சீட்டில் ஒருவருக்குப் பரிசு விழும் வாய்ப்பு கோடியில் ஒன்றாக இருக்கலாம். அதனால், பரிசு பெற்றவர் ஏமாற்றித்தான் பெற்றார் என்று எவரும் சொல்வதில்லை. இரு குழந்தைகளின் இறப்பு என்னும் ஏது இங்கே இரு பக்கமும் சாய்ந்தே நின்றது. நீதிமன்றம் ஒரு பக்கத்தின் எண்ணை மட்டுமே கேட்டது.

2000ஆம் ஆண்டின் முதல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இரண்டாம் மேல்முறையீட்டில், 2003 சனவரியில், தீர்ப்பு நீக்கப்பட்டது. இரண்டாம் குழந்தையின் உடலில் தொற்று இருந்ததைக் காட்டிய ஆய்வக முடிவு எதிர்த்தரப்பிற்குத் தெரிவிக்கப்படாமல் போனதே அதற்கு முதற்காரணம். புள்ளிவிவரச் சான்று நடுவர் குழுவின்முன் அவ்வடிவில் வைக்கப்பட்டிருக்கவே கூடாது என்பதையும் நீதிபதிகள் உரைத்தனர். அதற்குள் அத்தாய் மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். 2007இல், நாற்பத்திரண்டாம் வயதில், அவர் காலமானார்.

கற்பவை கற்றபின்

1. ‘எங்கள் பள்ளி நூலகத்திற்கு நாள்தோறும் செல்வோர் ஏனையோரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெறுகின்றனர். ஆகவே, எல்லாரையும் நூலகத்திற்கு அனுப்பினால் எல்லாருடைய மதிப்பெண்ணும் உயரும்.’ இவ்வாதத்தின் எடுகோளை எழுதுக. இதனைத் தளர்த்தும் கூற்றுகள் இரண்டும் வலுப்படுத்தும் கூற்று ஒன்றும் உருவாக்குக.

2. நாற்சந்தி வாதத்தில் ‘அவ்விரு ஆண்டுகளிலும் நாற்சந்தியைக் கடந்த ஊர்திகளின் எண்ணிக்கையும் வகையும் மாறவில்லை’ என்னும் செய்தி சேர்க்கப்பட்டால், வாதம் தளருமா, வலுப்பெறுமா? புறவழிச்சாலை, வழக்கத்திற்கு மாறான ஆண்டு என்னும் இரு மறுப்புகளுள் எதனை இச்செய்தி தொடவில்லை?

3. செய்தித்தாளில் வந்த விளம்பரம் ஒன்றைத் தேர்ந்து, அதன் ஏதுவையும் முடிவையும் பிரித்தெழுதி, அந்த ஏது இரு பக்கமும் சாயும் இடம் உண்டா என வகுப்பில் கலந்துரையாடுக.